மைக்கோட்டில் கையெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனாவும் மையும் கொண்டு எழுதி, எழுதியதையே படமாக நிறுத்தும் ஓவியங்களைப் பற்றிய பக்கம் இது. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்ற அறையில் வார இறுதிகளில் சிலர் கூடி வரைகிறோம், பெரும்பாலும் தமிழர்கள். எட்டிப் பார்ப்பவர்களும் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோரும் பக்கத்து அறையில் யோகா முடித்து வருகிறவர்களும் கேட்பவற்றை, கேட்ட தோரணையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

தம்பி, இது படமா, கிறுக்கலா?

கிறுக்கலாகத் தெரிந்தாலும் தப்பில்லை ஐயா. கிறுக்கும்போது கை போன போக்கில் போகும். இங்கே கை கிளம்புமுன்பே ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது: எதை எழுதப் போகிறோம், எந்த விதிப்படி, எதுவரை. அந்த முடிவு படத்தில் பாதி. மீதிப் பாதி, அந்த விதிக்குள் மாட்டிக்கொண்டு கை படும் பாடு.

எங்கள் அறைச் சுவரில் இருக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ3 தாள். 'சாப்பிட்டாச்சா' என்ற ஒரே சொல், மேலிருந்து கீழ்வரை. விதி: ஒவ்வொரு வரியும் அதற்கு மேலுள்ள வரியைவிடச் சற்றுச் சிறியதாக வேண்டும், நிப்பை மாற்றக் கூடாது. மேலே ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலம், நடுநடுவே தாளின் வெள்ளை நிறைய. பாதித் தாளுக்கு வரும்போது மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எழுத்தின் தலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் கீழே துணைக்கால்கள் பக்கத்து எழுத்தோடு கலந்துவிடுகின்றன. கடைசி நாலு விரற்கடையில் சொல்லே இல்லை, கறுப்பு மட்டும். ஊரிலிருக்கும் அம்மாவைத் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒருவர் வரைந்தது. இது தெரிந்தபின் பலர் படத்தைக் கீழிருந்து மேலாகத் திரும்பப் பார்க்கிறார்கள்.

கருத்து முதலில், கைவேலை பிறகு என்ற இந்தப் போக்குக்குக் கருத்துருக் கலை என்று பெயர். அமெரிக்க ஓவியர் சால் லெவிட் 1967இல் எழுதிய கட்டுரை இதற்குப் பெரிய விளம்பரம் தேடித் தந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும், வரைவது அதை நிறைவேற்றும் வேலைதான் என்பது அவர் கட்சி. மறு ஆண்டிலிருந்து அவர் சுவரோவியங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்க, வேறு ஆட்கள் சுவரில் வரைந்தார்கள். கையெழுத்து ஓவியத்தில் அவர் கட்சி பாதிதான் செல்லும். குறிப்பு ஒன்றே ஆனாலும் உங்கள் 'ழ' வேறு, என் 'ழ' வேறு. விதி ஒரு பக்கம் இழுக்க, கை இன்னொரு பக்கம் இழுக்கும். அந்த இழுபறி கண்ணுக்குத் தெரிந்தால் படம் தேறிவிட்டது என்பேன்.

அப்படியானால் காலிகிராஃபிதானே?

பங்காளி என்று சொல்லலாம், இரண்டும் ஒன்றில்லை. எழுத்தணிக்கலையில் நல்ல 'அ' என்றால் எப்படி என்று ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருக்கிறது. அதை எட்டுவது பயிற்சி, மீறுவது துணிச்சல். நாங்கள் எடுத்துக்கொள்வது மளிகைச் சீட்டு எழுதும் கை, விடுப்புக் கடிதம் எழுதும் கை. அதை மெருகேற்றினால் எங்களுக்கு வேண்டியதே போய்விடும்.

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். வரலாமா?

தாராளமாக. கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்று நம் வீடுகளில் சொல்லித் தேற்றுவார்களே, அந்தத் தேறுதல் இங்கே தேவையே இல்லை. அச்சடித்தாற்போல எழுதுகிறவர்கள்தான் எங்களிடம் வந்து திண்டாடுகிறார்கள். அவர்கள் கை வாய்பாடு ஒப்பிப்பதை நிறுத்தவே நாளாகிறது.

வாசிக்கவே முடியாததை ஏன் எழுத்து என்று சொல்ல வேண்டும்?

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்பது வேடிக்கைதான். இந்தத் தீவின் மிகப் புகழ்பெற்ற எழுத்தை இன்றுவரை யாரும் தீர்மானமாக வாசித்ததில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரிய மணற்பாறை நின்றது. 1819இல் காடு வெட்டியபோது கண்ணில் பட்டது. அதில் ஏறக்குறைய 50 வரிகள். 1843இல் இடத்தை அகலப்படுத்த வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். எந்த மொழி என்று சண்டை போட ஆளாளுக்கு ஒரு கட்சி உண்டு; தமிழ் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நமக்குத் தெரிவது தேய்ந்த வரிகளின் ஓட்டம், இடைவெளி, ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவது, உளி இறங்கிய ஆழம். பொருள் தெரியாவிட்டாலும் எவரோ ஒருவர் எதையோ சொல்ல மெனக்கெட்டிருக்கிறார் என்பதில் சந்தேகம் வருவதில்லை. கையெழுத்து ஓவியம் பிழைப்பு நடத்துவது அந்த நிச்சயத்தில்தான்.

இதைத் தெரிந்தே செய்தவர்கள் பலர். அர்ஜென்டினாவின் மிர்த்தா டெர்மிசாச்சே 1967இல் முடித்த முதல் புத்தகம் முழுக்க எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. வரி இருக்கிறது, பத்தி இருக்கிறது, அழுத்தமும் தளர்வும் இருக்கின்றன. சொல் மட்டும் இல்லை. பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1971இல் அவருக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினார். சீனாவின் ஷு பிங் வேறு வழியில் போனார்: 1987இல் தொடங்கிச் சுமார் 4,000 எழுத்துருக்களைத் தாமே கற்பித்து, மரத்தில் செதுக்கி, பழைய நூல்களின் அமைப்பிலேயே அச்சிட்டார். ஒவ்வொன்றும் அசல் சீன எழுத்து போலவே இருக்கும், ஒன்றுக்கும் பொருள் கிடையாது. சீனம் படித்தவர்களுக்குத்தான் அது அதிகம் சங்கடம் தரும். நாம் பார்த்தால் 'ஏதோ சீன எழுத்து' என்று நகர்ந்துவிடுவோம்.

வாசிக்க முடியாமல் செய்வது சுலபம். வாசிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்பதே என் ஒரே பிடிவாதம். 'சாப்பிட்டாச்சா' சிறுத்துச் சிறுத்துக் கரைவதற்குக் காரணம் இருக்கிறது. அழகுக்காக மட்டும் நெளித்துவிட்ட எழுத்து சுவர்க்காகிதத்தில்தான் போய் முடியும்.

விதி என்கிறீர்களே, யார் என்ன விதி வைத்துக்கொண்டார்கள்?

எனக்குப் பிடித்த நாலு பேரைச் சொல்கிறேன்.

முதலில் லெயோன் ஃபெராரி, இவரும் அர்ஜென்டினாக்காரர். 1964இல் ஒரு தாளை எடுத்து, தமக்கு ஓவியம் வரையத் தெரிந்திருந்தால் என்ன படம் வரைந்திருப்பார் என்று விலாவாரியாகக் கையால் எழுதினார். அந்த எழுத்துதான் படம். வேறு படம் கிடையாது. மைக்கோடு வளைந்து நெளிந்து தாளை நிரப்புகிறது. வாசித்தால் ஓர் ஓவியம் மனத்தில் விரியும், வாசிக்காமல் விலகி நின்றால் வேறோர் ஓவியம் கண்ணில் நிற்கும்.

ஹம்பர்க்கைச் சேர்ந்த ஹன்னே டார்போவென் தேதிகளைக் கூட்டினார். நாளையும் மாதத்தையும் முழு எண்ணாக எடுத்துக்கொண்டு, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைத் தனித்தனியே சேர்ப்பார். சிங்கப்பூர் தனிநாடான 9.8.65ஐ அவர் கணக்கில் போட்டால் 9, 8, 6, 5, கூட்டினால் 28. நூற்றாண்டின் முதல் நாள் 1.1.00க்கு 2 வரும், கடைசி நாள் 31.12.99க்கு 61 வரும். எல்லா நாளும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இப்படிக் கூட்டியதை ஆயிரக்கணக்கான தாள்களில் கையால் எழுதினார்; எண் இல்லாத இடங்களில் 'u' போன்ற அலைக்கோடு வரிவரியாக ஓடும். எழுதுகிறேன், ஆனால் எதையும் விவரிக்கவில்லை என்பது அவர் வாக்கு. அவருடைய 'பண்பாட்டு வரலாறு 1880–1983' என்ற படைப்பு மட்டும் 1,590 தாள்கள். சுவர் முழுக்க மாட்டியிருப்பதைப் பார்க்கும்போது ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் வித்தியாசம் தெரியாது என்றுதான் தோன்றும். கிட்டே போனால் கை சோர்ந்த நாளும் தெளிந்த நாளும் தெரியும்.

போலந்து வம்சாவளி ரோமன் ஓபல்கா 1965இல் ஒன்று என்று தொடங்கி, 2011இல் இறக்கும்வரை எண்ணிக்கொண்டே எழுதினார். கடைசி எண் 5607249. கித்தானில் செய்தவைதான் பேர்போனவை. ஆனால் பயணத்தின்போது தொடர் அறுந்துவிடக் கூடாதென்று தாளில் மையால் எழுதினார். மைக்காரர்களாகிய நமக்கு அந்தத் தாள்கள்மேல்தான் கண்.

நாலாமவர் சீனாவின் சியூ ட்சிஜியே. பழங்காலச் சீன எழுத்துக்கலைஞர் வாங் ஷிட்சி 353ஆம் ஆண்டில் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு முன்னுரை சீன எழுத்துக்கலைக்கு வேதம் மாதிரி. மாணவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் கை பழகுவார்கள். இவர் 1990இல் தொடங்கி, அதை ஆயிரம் முறை எழுதினார், ஒரே தாளின் மேல். ஐம்பதாவது தடவை வாக்கிலேயே தாள் முழுக் கறுப்பு. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு எழுத்தும் ஈரமாக மின்னும் நேரம் மட்டும் தெரிந்து, காய்ந்ததும் காணாமல் போனது. 'சாப்பிட்டாச்சா' வரைந்தவர் இந்தக் கதையைக் கேட்டபின்தான் தாளெடுத்தார்.

தமிழில் இதற்கெல்லாம் மரபு உண்டா?

எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார் தட்டுவது எனக்கு ஒத்துவராது. ஓலையில் எழுதியவர்கள் கருத்துருக் கலை செய்யவில்லை. ஆனால் நம் எழுத்தின் உருவம் ஓலையிலும் எழுத்தாணியிலும் பழகி வந்தது என்பது வரைகிறவருக்கு உதவும் செய்தி. எழுத்தாணி ஓலையைக் கீறும். பிறகு கரியைத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விடுவார்கள். ஆக, தடிமன் மாறாத ஒரே கோடு, சுழிகள், வெளியிலிருந்து நிரப்பிய மை. தூரிகை தரும் ஏற்ற இறக்கம் அதில் கிடையாது.

எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் போடும் பிள்ளையார் சுழி இருக்கிறதே, அது எனக்கு இன்னும் சுவையானது. யாரும் அதை வாசிப்பதில்லை, யாரும் விடுவதுமில்லை. ஒவ்வொருவர் சுழியும் ஒவ்வொரு மாதிரி. எங்கள் கூட்டத்தில் ஒருவர் குடும்பத்துக் கணக்கு நோட்டுகளிலிருந்து சுழிகளை மட்டும் பெயர்த்து வரைந்துகொண்டிருக்கிறார். அப்பாவுடையது ஒரே வீச்சில் கீழ்க்கோட்டோடு முடியும். அத்தையுடையது சுழித்து நின்று, பேனா எடுத்து, கோடு தனியாக விழும்.

நவீன ஓவியத்தில் கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்லாமல் தீராது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். மலையாள எழுத்துகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் வாசிக்கக் கூப்பிடும், கிட்டே போனால் பிடி கொடுக்காது. நம் பக்கத்து எழுத்தை மேல்நாட்டுப் பாணிக்குக் கடன் வாங்காமல் படத்துக்குள் கொண்டுவர முடியும் என்று அவர் காட்டியது பெரிய காரியம்.

இங்கே சீன எழுத்துக்கலை கண் முன்னாலேயே இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்தால் என்ன?

பாருங்கள், நிறையப் பாருங்கள். லிம் சீ பெங்கைத் தேடிப் பாருங்கள். 1921இல் இங்கே பிறந்து, பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, 103 வயதுவரை வாழ்ந்து 2025 பிப்ரவரியில் மறைந்தவர். 2003இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். முதுமையில் அவர் செய்தவற்றுக்கு 'ஹுத்துஸி' என்று அவரே பெயர் வைத்தார், குழம்பிய எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தின் எலும்பு தெரியும், ஆனால் எந்த எழுத்தென்று பிடிபடாது. சீனம் தெரிந்த என் நண்பர்களும் நானும் அவற்றின் முன்னால் ஏறக்குறைய ஒரே நிலைமையில் நின்றிருக்கிறோம். சிங்கப்பூரில் அப்படி நிற்க வாய்ப்பது அபூர்வம்.

ஆனால் அவர் தூரிகையை வாங்கி 'அம்மா' என்று எழுதினால் தமிழ்க் கையெழுத்து ஓவியம் ஆகிவிடாது. தூரிகை வேகத்தையும் கனத்தையும் கேட்கும். தமிழ் எழுத்து சுழிக்கவும் திரும்பவும் நேரம் கேட்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் வருவது பெரும்பாலும் உணவகப் பெயர்ப்பலகை. தூரிகையே வேண்டுமென்றால் நுனியை மட்டும் பயன்படுத்தி, தடிமனை மாற்றாமல் எழுதிப் பாருங்கள். அது கடினம், அதனால் நல்லது.

அண்டை நாட்டிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறொன்று. இந்தோனேசியாவின் எஃப்.எக்ஸ். ஹர்சோனோ 2011இல் செய்த ஒரு காணொளியில் தம் சீனப் பெயரை மைத்தூரிகையால் கண்ணாடியில் எழுதிக்கொண்டே இருப்பார். மேலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கும். எழுத்து கரைந்து வழியும், அவர் நிறுத்தமாட்டார். சுகார்த்தோ காலத்தில் சீன வம்சாவளியினர் பெயரை மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்ட வரலாறு தெரிந்தால் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அங்கே மை எடுத்த வேலை அழகு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை.

தமிழ் எழுத்தில் வரையும்போது கண் எதைப் பார்க்க வேண்டும்?

இதற்கு ஒரு பயிற்சி. ஏதேனும் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் முரசில் வந்த செய்தியானாலும் சரி. உங்கள் வழக்கமான கையெழுத்தில் எழுதிக் கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு மெல்லிய தாளைப் போட்டு, எழுத்துகளின் தலைக்கு மேல் இருப்பவற்றை மட்டும் படியெடுங்கள்: மெய்யின் புள்ளிகள், இகரத்தின் வளைவு, ஈகாரத்தின் சுழி. அவ்வளவுதான். தாளைத் தூக்கிப் பார்த்தால் வரிவரியாகப் புள்ளியும் கொக்கியும். செய்யுளில் ஒரு மாதிரி வரும், செய்தியில் ஒரு மாதிரி வரும். 'வேண்டும்', 'என்றும்', 'உள்ளார்' நிறைந்த அரசாங்க நடையில் புள்ளி கொட்டும். அடுத்த தாளில் வரிக்குக் கீழே தொங்குபவை மட்டும்: 'ரு', 'கு', 'து', 'ழு' முதலியவற்றின் இறக்கங்கள். மூன்றாவது தாளில் படுக்கைக் கோடுகள் மட்டும்; 'க', 'த', 'ச' ஆகியவற்றின் தலைக்கோடும் 'ட', 'ப', 'ம' ஆகியவற்றின் அடிக்கோடும். மூன்றையும் தனித்தனியே சுவரில் மாட்டினால் ஒரே பத்தி மூன்று படம்.

ஒரே இடத்தில் மேலே மேலே எழுதும் வேலையில் கவனிக்க வேண்டியது வேறு. முதலில் அடைபடுவது 'ண', 'ஞ', 'இ' போன்றவற்றின் உள்வெளி. 'ப', 'ட', 'ர' வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதில் எந்த எழுத்து கடைசியாகச் சாகும் என்று முதலிலேயே ஊகிக்கலாம்.

பாட்டியின் பழைய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துச் செய்யலாமா?

கையிலிருக்கும் மிக நல்ல மூலப்பொருள் அதுதான். மூலத்தில் மட்டும் மை படக் கூடாது. ஒளிப்பெட்டிமேல் வைத்து வேறு தாளில் படியெடுங்கள். அப்படிப் படியெடுக்கும்போது பாட்டி எங்கே பேனா எடுத்தார், எங்கே மூச்சு விட்டார் என்பது கைக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாததும் சேர்த்து. ஊரிலிருந்து வந்த நீல ஏரோகிராம்களில் இன்னொன்று பாருங்கள்: இடம் தீர்ந்துபோய், மடிப்பின் ஓரத்தில் குறுக்காக, எழுத்தை இடுக்கி இடுக்கி 'உடன் பதில் போடவும்' என்று எழுதியிருப்பார்கள். தாளின் அளவே விதியாகிவிட்டது. லெவிட் பார்த்தால் மெச்சியிருப்பார்.

பழைய எழுத்துமுறையையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது, பிறகு சிங்கப்பூரும் அதை ஏற்றது. அதற்கு முன் எழுதப் பழகியவர்கள் 'லை', 'னை' ஆகியவற்றை யானைத் தும்பிக்கை வைத்தும் 'றா', 'னா' போன்றவற்றைத் துணைக்கால் இல்லாமல் வளைத்தும் எழுதினார்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு அவை புது எழுத்து. அந்தத் திகைப்பையே படமாக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கடிதங்களில் கடன் இருக்கும், நோய் இருக்கும், யாரோ வீட்டை விட்டுப் போனது இருக்கும். உயிரோடு இருப்பவர் பெயர் வந்தால் அவரைக் கேளுங்கள். கேட்க மனமில்லையென்றால் வாசிக்க முடியாத விதியாகத் தேர்ந்தெடுங்கள்.

என்ன பேனா, என்ன மை, என்ன தாள் வாங்குவது?

பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் ஒரு மணி நேரம் சுற்றினால் எல்லாம் கிடைக்கும். ஆனால் வாங்குமுன் சில செய்திகள்.

காலிகிராஃபிக்காரர்கள் பரிந்துரைக்கும் கூர் நிப் தமிழுக்கு எதிரி. அது சாய்ந்த ஆங்கில எழுத்துக்காகச் செய்தது. கீழே இழுத்தால் விரியும், மேலே தள்ளினால் தாளில் குத்தித் தெறிக்கும். தமிழ்ச் சுழி எல்லாத் திசையிலும் தள்ளும். உருண்டை முனை நிப் வாங்குங்கள், ஸ்பீட்பால் பி வரிசை போல. மூங்கிலைச் சீவி நீங்களே செய்தாலும் நன்றாக வரும். ஒன்றும் வேண்டாமென்றால் பிக்மா மைக்ரான் என்ற மெல்முனைப் பேனா போதும். அதன் மை நிறமி மை, நீரில் கரையாது, வெளிறாது.

ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் சாயம். ஜன்னலோரம் மாட்டினால் மங்கிவிடும். இந்தியன் இங்க் கரியும் அரக்கும் சேர்ந்தது. காலத்துக்கும் நிற்கும், ஆனால் ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் பேனா போச்சு. தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும். சீன மையைக் கல்லில் உரைத்துக்கொண்டால் சாம்பல் முதல் கருமைவரை வேண்டிய அடர்த்தி வைக்கலாம். மேலே மேலே எழுதும் வேலைக்கு அதுவே உத்தமம், ஏனென்றால் நீர்த்த மையில் ஒவ்வொரு அடுக்கும் தெரியும். பால்பாயிண்டும் வரையத் தகுந்ததே, மங்கும் என்பதை ஒப்புக்கொண்டால்.

தாள் வழவழப்பாக இருக்கட்டும், 300 கிராம் ஹாட் பிரஸ் நீர்வண்ணத் தாள் ஏற்றது. மெல்லிய தாளில் மை கனத்தால் அப்பளம் போல நெளிந்துவிடும். சீனச் சுவான் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும்; தமிழ்ச் சுழிகள் அதில் உடனே அடைபடும். அடைபடத்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள்.

இங்கத்திய ஈரத்தில் படம் தாங்குமா?

நம் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைச் சுற்றி நிற்கிறது. தாளுக்கு இது கெட்ட செய்தி: பழுப்புப் புள்ளி, பூஞ்சை. இரவில் குளிர்சாதனம், பகலில் திறந்த ஜன்னல் என்று ஏறி இறங்கினால் இன்னும் மோசம். படத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அது ஈரம் வாங்கும். கண்ணாடி தாளைத் தொடாதபடி அமிலமற்ற அட்டை இடைவெளி வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். கட்டாக வைத்திருப்பவற்றுக்குப் புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும், ஈரம் நீக்கும் அலமாரியான டிரை கேபினெட்டைவிடச் சிறந்த இடம் இல்லை. எழுதும்போதும் அரக்கு மை காய நேரமாகும். இடக்கைக்காரர்கள் வலமிருந்து இடமாக வரியை நிரப்பலாம், யாரும் தடுக்கவில்லை.

ஐபேடில் செய்தால்?

செய்யலாம். ஆனால் 'அன்டூ' பட்டனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். திரும்ப அழிக்க முடியாது என்ற பயம் இல்லாவிட்டால் கோட்டில் ஒன்றும் இருக்காது.

என் பெண்ணுக்குத் தமிழ் எழுதவே தயக்கம். இதில் சேர்த்தால் தமிழ் மேம்படுமா அண்ணா?

மேம்படும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன் அக்கா. இது துணைப்பாடம் இல்லை, தேர்வுக்கு உதவாது. ஆனால் தட்டச்சிலேயே தமிழ் எழுதி வளர்ந்த பிள்ளைகளின் கையில் ஒரு விசேஷம் உண்டு. 'ஞ' எழுத எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் நிற்பார்கள். அந்த நிற்கும் இடத்தில் மை ஒரு சொட்டுத் தேங்கும். எங்களைப் போன்றவர்கள் அப்படித் தேங்க வைக்க முயன்றால் நடிப்பாகிவிடும். அவர்களுக்கு அது இயல்பாக வரும். எழுத்துப்பிழையைத் திருத்த மாட்டோம் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். சில பெற்றோருக்கு அது பொறுக்காது.

தமிழ் தெரியாதவர்கள் பார்த்தால் பக்கத்தில் பொருளை எழுதி ஒட்டலாமா?

நாங்கள் ஒட்டுவதில்லை. விதியை மட்டும் ஒட்டுகிறோம், தமிழிலும் ஆங்கிலத்திலும்: 'ஒரு கேள்வி, ஒவ்வொரு வரியும் முன்னதைவிடச் சிறியது, தாள் முடியும்வரை.' பக்கத்தில் நிற்கும் தமிழரிடம் என்ன கேள்வி என்று கேட்டுக்கொள்கிறார்கள். அது நல்லதுதானே.

எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

விதி சொன்னபோது. நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தினால் விதி பொய்யாகிவிடும். இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாலும் அப்படியே. விதி மோசம் என்று தெரிந்தால் அடுத்த தாளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இவற்றை எங்கே பார்க்கலாம்?

மை ஓவியத்துக்கும் லிம் சீ பெங் போன்றோருக்கும் சிட்டி ஹால் எம்ஆர்டி அருகே உள்ள சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம். ஹர்சோனோ தலைமுறையின் தென்கிழக்காசியச் சமகாலக் கலைக்கு, தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் இயங்கும் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம். காட்சி மாறிக்கொண்டே இருக்கும், போகுமுன் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தாளையும் அச்சையும் பற்றித் தெரிந்துகொள்ள ராபர்ட்சன் கீயில் எஸ்டிபிஐ என்ற அச்சுக்கலைப் பட்டறையும் காட்சிக்கூடமும். கையெழுத்தை அதன் இயல்பில் பார்க்க, தேக்காவில் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் போய் வாருங்கள். காட்சிக்கூடங்களில் மைப் பேனாவை வெளியே எடுத்தால் பாதுகாவலர் ஓடி வருவார். வரைந்து பார்க்க ஆசையென்றால் பென்சில் கொண்டு போங்கள்.